முதலில் கன்னடம், அப்புறம் கியூஆர் கோடு

மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்று ஒரு சின்னக் கிராமம். 2009-ல் அங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் போனார் ரஞ்சித்சிங் டிசாலே. பள்ளிக் கட்டடம் பாழடைந்து கிடந்தது. பக்கத்திலேயே மாட்டுத் தொழுவம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. பாடப் புத்தகம் மராத்தியில். பிள்ளைகள் வீட்டில் பேசுவதோ கன்னடம். புத்தகத்தில் இருப்பதே புரியாவிட்டால் பிள்ளை எப்படிப் படிக்கும்?

அவர் என்ன செய்தார் தெரியுமா? கன்னடம் கற்றுக்கொண்டார். நான்காம் வகுப்பு வரையிலான பாடங்களைப் பிள்ளைகளின் மொழியில் கொடுத்தார். அப்புறம்தான் தொழில்நுட்பம். புத்தகத்திலேயே கியூஆர் கோடு சேர்த்தார். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்கு நேரே செல்போனைப் பிடித்தால் பாட்டு ஒலிக்கும், பாடம் காணொளியாக ஓடும், கதையும் வரும். புரியாத இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம்.

பிறகு மகாராஷ்டிர அரசே தன் பாடநூல்களில் இதைக் கொண்டுவந்தது. 2018-ல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களிலும் கியூஆர் கோடு உண்டு. 2020-ல் டிசாலேவுக்கு உலக ஆசிரியர் விருது கிடைத்தது. பரிசு 10 லட்சம் டாலர். அதில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற 9 ஆசிரியர்களுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டார்!

ஆசிரியப் பெருமக்களே, புதுக் கருவி கைக்கு வரும்போது, எந்தப் பிள்ளைக்கு எது புரியவில்லை என்று முதலில் பாருங்கள். அதைத் தீர்க்க அந்தக் கருவி உதவுமானால், தயங்காமல் வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள்.