கப்பலோடு போனவரின் பெயர்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், பழம்பதிவுகள் திரட்டும் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

சென்ற ஆண்டு இதே பொதுக்குழுவில், பள்ளிவாசலின் பழைய பதிவேடுகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு எங்கள் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பணியின் வரவு செலவும் பட்டியலும் ஆண்டறிக்கையில் தனியே அச்சாகியுள்ளன. அவற்றை இங்கே படித்துத் தங்களைச் சோர்வடையச் செய்ய நாங்கள் விரும்பவில்லை. அப்பணிக்கிடையே எங்களைத் தேடி வந்த வேறொரு வேலையைப் பற்றியே பேச வந்துள்ளோம்.

நம் முஹல்லாவைச் சேர்ந்த, எண்பது வயதைக் கடந்த ஒரு தாயார், ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பின் பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு ஜமாஅத் அலுவலகத்துக்கு வந்தார். பேரனின் கையில் துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்று இருந்தது. "என் வாப்பா கப்பலோடு போய்ட்டாங்கன்னு சொல்வாங்க. எந்த நாள் மவுத்தானாங்கன்னு ஒரு காகிதத்துல பார்த்துட்டாப் போதும் தம்பி" என்றார். குடும்பத்தாரின் வேண்டுகோளுக்கிணங்க அவர்களுடைய பெயர்களையோ, அக்கப்பலின் பெயரையோ நாங்கள் வெளியிடவில்லை.

அந்தத் தாயார் பிறந்தது 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அதற்குச் சில மாதங்கள் முன்னரே தந்தை கல்கத்தா சென்று, பிரிட்டிஷ் வணிகக் கப்பல் ஒன்றில் சேர்ந்துவிட்டார். தந்தையின் முகத்தை மகள் கண்டதே இல்லை, புகைப்படமும் இல்லை. அவருடைய உம்மா, கணவர் இறந்ததாகச் சொல்லும் காகிதம் எதுவும் வராத காரணத்தால், இறுதிவரை கருகமணியைக் கழற்றவில்லை, இத்தாவும் இருக்கவில்லை. காணாமற்போன கணவருடைய மனைவியின் நிலை குறித்து மார்க்கச் சட்ட நூல்களில் விரிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதனை ஹஜ்ரத் அவர்கள் விளக்குவதே முறை. நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான்: ஒரு தேதி தெரியாமற்போனதால் ஒரு பெண்மணி ஐம்பதாண்டுகளுக்கு மேல் மனைவியுமாகாமல் கைம்பெண்ணுமாகாமல் நம்மிடையே வாழ்ந்து மறைந்திருக்கிறார். அல்லாஹ் அவருடைய கபரை ஒளிமயமாக்குவானாக.

தகரப் பெட்டியில் இருந்தவை இரண்டே: சி.டி.சி. எனப்படும் பழைய கடலோடிப் புத்தகம் ஒன்று. நூலால் கட்டிய மணியார்டர் கூப்பன்கள் ஒரு கற்றை. கூப்பன்களைக் குடும்பத்தார் பொருட்படுத்தவில்லை. முதலில் நாங்களுந்தான் பொருட்படுத்தவில்லை.

சி.டி.சி. புத்தகத்தைப் பார்த்தறியாத இளைஞர்களுக்காகச் சொல்கிறோம். கப்பலில் வேலைக்குச் சேரும் ஒவ்வொரு முறையும் கப்பலின் பெயர், அதன் பதிவு எண், சேர்ந்த நாளும் துறைமுகமும், விலகிய நாளும் துறைமுகமும், செய்த வேலை, நடத்தை பற்றிய முத்திரை ஆகியவை ஒரு வரியில் பதிவாகும். பயணம் எங்கே என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'வெளிநாடு' என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். எந்தக் கடலில் சென்றார் என்பதை அப்புத்தகம் சொல்லாது. ஆனால் கப்பலின் பதிவு எண் பெரிய சாவி. ஒரே பெயரில் பல கப்பல்கள் இருக்கலாம். எண் ஒன்றுக்கே உரியது. நம் பெரியவருடைய புத்தகத்தின் கடைசி வரி 1940 ஜூலையில் முடிகிறது. அத்துடன் பக்கங்களும் தீர்ந்துவிட்டன. அடுத்த புத்தகம் அவரோடு கடலில் போயிருக்க வேண்டும்.

ஊரில் நிலவிய செய்தி வேறு. அவர் 'ரஜூலா' கப்பலில் வேலை பார்த்தார் என்றும், அக்கப்பல் குண்டு வீச்சில் மூழ்கியது என்றும் பெரியவர்கள் பலர் உறுதியாகச் சொன்னார்கள். ரஜூலாவை நம்மில் மூத்தவர்கள் நன்கறிவார்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வந்து, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரை ஏற்றிச் சென்ற கப்பல் அது. அது போரில் மூழ்கவில்லை. போருக்குப் பின்னும் பல்லாண்டுகள் ஓடியது. மூழ்கியது அதன் துணைக்கப்பலான 'ரோனா'. இரண்டும் 1926இல் இதே தடத்துக்காகக் கட்டப்பட்டவை. 1943 நவம்பர் 26 அன்று, அமெரிக்கப் படையினரை ஏற்றிக்கொண்டு அல்ஜீரியக் கடற்கரைக்கு அப்பால் சென்றபோது, ஜெர்மன் விமானம் ஏவிய வானொலிவழி இயக்கப்படும் குண்டு தாக்கி ரோனா அழிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களும், நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல் ஊழியர்களும் மாண்டனர். ஊழியரில் பெரும்பாலோர் இந்தியர். அச்செய்தி நீண்டகாலம் மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

ரோனாவில் இறந்தோர் பட்டியலை ஒரு மாத காலம் வரி வரியாகப் பார்த்தோம். நம்மவர் பெயர் அதில் இல்லை. ஊர் நினைவு பொய்யென்று சொல்லமாட்டோம். அறிந்த கப்பலின் பெயரை அறியாத கப்பலுக்குச் சூட்டியிருக்கிறது, அவ்வளவே. ஆயினும் அந்த ஒரு மாதம் வீணானது எங்கள் தவறு. கையிலிருந்த காகிதத்தை விட்டுவிட்டுக் காதில் விழுந்ததன் பின்னால் போனோம்.

திரும்பி வந்து கூப்பன்களைப் பிரித்தோம். கடலோடியின் ஊதியத்தில் ஒரு பகுதியைக் கம்பெனியின் ஏஜண்டு மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். கூப்பன்களில் அனுப்புநரின் முத்திரை தெளிவாக இருந்தது. கம்பெனி எது என்று தெரிந்துவிட்டது. கடைசிக் கூப்பனின் அஞ்சல் முத்திரை 1942 டிசம்பர். அக்கம்பெனி 1942இன் பிற்பகுதியில் இழந்த கப்பல்கள் எவை என்று பார்த்தால் போதும் என்ற நிலைக்கு வந்தோம்.

அடுத்து நின்ற தடை, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரே முதலெழுத்து. துறைமுகத்து எழுத்தரோ, சாரங்கு சொன்னதைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். முகமது என்பது மொகமட், மஹோமெட், மஹமத் என்றெல்லாம் வரும். நெய்னா, நைனாவாகும். மரைக்காயர், மரிக்கார் ஆவார். ஊர்ப்பெயரும் அப்படியே. நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் 'நெகபட்டம்' என்றே எழுதினர். இன்றைய எழுத்துமுறையில் தேடினால் ஒன்றும் அகப்படாது. இந்த இடத்தில் நம் பள்ளிவாசலின் நிக்காஹ் தஃப்தர் கைகொடுத்தது. அதில் மணமகனின் பெயரும், தந்தை, பாட்டனார் பெயர்களும் அரபுத்தமிழில் தெளிவாக இருந்தன. அவற்றை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதிப் பட்டியலிட்டோம். பதினேழு வடிவங்கள் வந்தன.

போரில் இறந்த வணிகக் கடலோடிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில் நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் இந்தியாவில் சேர்க்கப்பட்ட நம்மவர் பெயர்களை அங்கே தேடிப் பயனில்லை. அவை பம்பாய்-சிட்டகாங் போர் நினைவகத்துக்குரிய பெயரேட்டில் உள்ளன. ஒரு படி மும்பையிலுள்ள இந்தியக் கடலோடிகள் இல்லத்திலும், மற்றொன்று சிட்டகாங் போர்க் கல்லறைத் தோட்டத்திலும் வைக்கப்பட்டிருக்கின்றன. வணிகக் கப்பல்களில் பணியாற்றிய ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்கள் அதில் அடங்கும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றி அவற்றைத் தேடலாம்.

பதினேழு வடிவங்களில் பதினொன்றாவது வடிவத்தில் மூவர் வந்தார்கள். ஒருவர் நவகாளிக்காரர். மற்றொருவருக்கு வயது பொருந்தவில்லை. மூன்றாமவர் கொதிகலன் அறைத் தொழிலாளி; கப்பல், நம் கம்பெனியினுடையது; தந்தை பெயர் தஃப்தரில் உள்ளதே; ஊர் 'நெகபட்டம்'; இறந்த நாள், 1942 நவம்பரின் பிற்பகுதி. நேசநாட்டுக் கப்பல்கள் நீர்மூழ்கிகளால் பெருமளவில் அழிந்த மாதம் அது.

இறப்புச் செய்தி ஏன் வீட்டுக்கு வரவில்லை? 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருவர் என்ற அச்சத்தில் சென்னை நகரமே காலியானதை அறிவீர்கள். இந்தக் குடும்பமும் கடற்கரையை விட்டுத் திருவாரூர்ப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய், நீண்ட நாள் கழித்தே திரும்பியது. மணியார்டரை இங்குள்ள உறவினர் ஒருவர் வாங்கிக் கொடுத்து வந்தார். கடிதம் வந்த வேளையில் வாங்குவார் இல்லாமற்போயிருக்கலாம் என்பது எங்கள் ஊகம்.

இனிப் பதக்கம். "வெள்ளைக்காரனின் பதக்கம் நமக்கெதற்கு?" என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தியக் கடலோடிக்கு அன்று கிடைத்த ஊதியம், அதே கப்பலில் அதே வேலை செய்த ஐரோப்பியரின் ஊதியத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. 1939இன் இறுதியில் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த இந்தியக் கடலோடிகள் பலர் பிரிட்டனில் சிறையிலிடப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த அரசு தானே முன்வந்து தருவதாக அறிவித்த ஒன்று மட்டும் ஏன் விடுபட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். கேள்வி கேட்ட சகோதரரே பிறகு விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தார்.

வணிகக் கடலோடிகளுக்குப் போர்ப் பதக்கங்கள் வீடு தேடி வரவில்லை. கேட்டவர்களுக்கே வழங்கினார்கள். கேட்க வேண்டும் என்பதை நம்மவருக்கு எவரும் சொல்லவில்லை. வழங்கப்பட்டவற்றின் பட்டியல் லண்டனில் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. 395 என்ற வரிசையில் இருக்கிறது. அதில் பெயர் இருந்தால் பதக்கம் முன்னரே பெறப்பட்டது என்று பொருள். பெயர் இல்லையென்றால் உரிமை இல்லை என்று பொருளல்ல. எவரும் கேட்கவில்லை என்பதே பொருள். நம்மவர் பெயர் அதில் இல்லை.

உரிமையைக் கணக்கிடும் விதம் இது. கடலில் 28 நாள் பணி செய்திருந்தால் '1939-45 போர்ப் பதக்கம்'. ஆறு மாதப் பணியும், போர் நடந்த கடற்பகுதி வழியாக ஒரு பயணமாவது இருந்தால் '1939-45 நட்சத்திரம்'. பணியிலேயே உயிர் நீத்தவருக்குக் கால அளவு பார்ப்பதில்லை. நம்மவருக்கு அந்தச் சலுகையும் தேவைப்படவில்லை. பழைய புத்தகத்தின்படி 1939 அக்டோபர் முதல் 1940 ஜூலை வரையிலான ஒரு பயணமே ஒன்பது மாதங்களைத் தாண்டுகிறது. அந்த நட்சத்திரத்தின் நாடாவில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று வண்ணங்கள் உண்டு. கருநீலம் கடற்படைக்கும் வணிகக் கப்பல்களுக்கும் உரியது. அட்லாண்டிக், பர்மா முதலிய மற்ற நட்சத்திரங்கள் கப்பல் சென்ற கடலைப் பொறுத்தவை. நம் வங்காள விரிகுடாவும் பர்மா நட்சத்திரத்துக்குரிய கடற்பகுதியில் அடங்கும். 'வெளிநாடு' என்று மட்டும் எழுதிய புத்தகம் இதற்குப் போதாது. கியூவில் பி.டி. 389 வரிசையிலுள்ள கப்பல் நடமாட்ட அட்டைகளையும், பி.டி. 381 வரிசையிலுள்ள ஊழியர் பட்டியல்களையும் ஒப்பிட வேண்டும். ஊழியர் பட்டியல்கள் கப்பலின் பதிவு எண்படி அடுக்கப்பட்டவை. அந்த எண்ணைச் சாவி என்றது இதனால்தான். லண்டனில் பணிபுரியும் நம்மூர்ப் பிள்ளை ஒருவர் இரண்டு விடுமுறை நாள்களை இதற்குச் செலவிட்டு நகல் அனுப்பினார். ஜஸாகல்லாஹு கைரன்.

விண்ணப்பம் பிரிட்டனின் கார்டிஃப் நகரிலுள்ள கப்பல், கடலோடிகள் பதிவகத்துக்கு மகளின் கையொப்பத்துடன் அனுப்பப்பட்டுள்ளது. வாரிசுகள் இன்றும் கோரலாம். பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த ஆண்டறிக்கையில் தெரிவிப்போம், இன்ஷா அல்லாஹ்.

பெயரேட்டின் அந்தப் பக்கத்தை அச்சிட்டு அத்தாயாரிடம் கொடுத்தபோது, அவர் பதக்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பிறைக் கணக்குல என்ன மாசம்?" என்று கேட்டார். ஹிஜ்ரி 1361, துல்கஃதா என்றோம். ஹஜ்ரத் அவர்களின் ஆலோசனையின்படி, நம் மவுத்துப் பதிவேட்டில் அப்பெயரும் நாளும் இவ்வாண்டு எழுதப்பட்டன. தஃப்தரில் அவருடைய நிக்காஹ் பதிவின் ஓரத்தில் அப்பக்க எண்ணையும் குறித்திருக்கிறோம்.

நம் ஊரில் இன்னும் ஏழெட்டு வீடுகளிலாவது இத்தகைய பெட்டிகள் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். தயவுசெய்து அவற்றை அப்படியே கொண்டு வாருங்கள். பழம்பொருள் வியாபாரிகளிடம் கொடுத்துவிடாதீர்கள். வணிகக் கடலோடிகளுக்கான பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படுவதில்லை. கைமாறிவிட்டால் அது யாருடையதென்று எவராலும் சொல்ல முடியாது. சி.டி.சி. புத்தகத்தை லேமினேட் செய்ய வேண்டாம்; மங்கிய முத்திரைகளின் மேல் பேனாவால் எழுதவும் வேண்டாம். ஜும்ஆ நாள்களில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் இருப்போம். பார்த்து, படமெடுத்து, அன்றே திருப்பித் தந்துவிடுவோம். பெட்டியின் அடியில் மணியார்டர் கூப்பன்கள் கிடந்தால் அவற்றையும் சேர்த்தே எடுத்து வாருங்கள்.