மின்னோட்டம் விளிம்பில் மட்டுமா?



இந்த அமர்வுக்குத் தலைமை ஏற்க அழைத்தபோது மகிழ்ச்சியை முந்திக்கொண்டு தயக்கம்தான் வந்தது. இத்துறையில் என்னைவிட ஆழம் கண்டவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறீர்கள். உங்களில் சிலரோடு எனக்கு நெடுநாள் கருத்து வேறுபாடும் உண்டு. அது தெரிந்தும் ஒலிவாங்கியை என்னிடம் கொடுத்த அமைப்பாளர்களின் துணிவுக்கு நன்றி.

அழைப்பிதழில் உள்ள தலைப்பு ‘விளிம்பு நிலைகள்: இன்றைய நிலை’. மரபுக்காக நான்கு வரி. 1980 பிப்ரவரியில், கிரெனோபிளின் உயர் காந்தப்புல ஆய்வகத்தில், கிளாஸ் ஃபான் கிளிட்சிங் ஹால் மின்தடையின் படிகளைக் கண்டார். 25,812.807 ஓமை முழு எண்களால் வகுத்தால் வரும் மதிப்புகளில் அவை நின்றன. 1982இல் சூயி, ஷ்டோர்மர், கோசார்டு மூவரும் மூன்றில் ஒன்று என்ற பின்னத்தைக் கண்டார்கள். பின்னங்களின் வரிசைக்கு 1989இல் ஜைனேந்திர ஜெயின் கூட்டு ஃபெர்மியான்களால் விளக்கம் தந்தார். 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரான் மின்னூட்டமும் வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்டதால், மேலே சொன்ன ஓம் கணக்கில் இனி ஐயத்துக்கு இடமில்லை. மற்றவை உங்களுக்கே தெரியும்.

இனி நான் பேச வந்ததைப் பேசுகிறேன்.

கருத்தரங்குச் சுருக்கங்களைப் படித்தேன். பெரும்பாலானவற்றில் ஒரே படம்: செவ்வகம், அதன் ஓரத்தில் அம்புக்குறிகள், நடுவில் வெற்றிடம். “உட்புறம் காப்பான், மின்னோட்டம் விளிம்பில் மட்டும் பாய்கிறது” என்று கீழே ஒரு வரி. நம் முதுகலை வகுப்புகளிலும் இதைத்தான் சொல்லித்தருகிறோம். ஹால்பெரின் 1982இலும் பூட்டிக்கர் 1988இலும் எழுதிய கட்டுரைகளின் அழகே இந்தப் படத்தை நிலைநாட்டிவிட்டது. எதிர் விளிம்புக்குத் தாண்டாமல் எலக்ட்ரான் பின்னோக்கிச் சிதற வழியில்லை என்ற பூட்டிக்கரின் வாதத்தை நானும் ரசித்தே கற்பித்து வருகிறேன். ஆனால் அது மின்முனைகளுக்கு இடையே கணக்கை நேர்செய்யும் வாதம். மின்னோட்டம் எந்த இடத்தில் பாய்கிறது என்பதை அது சொல்லவில்லை.

சமநிலையிலேயே இரு விளிம்புகளிலும் எதிரெதிராக ஓட்டம் உண்டு, கூட்டினால் சுழி. நாம் செலுத்தும் மின்னோட்டம் அதற்கு மேல் வருவது. ஹால் மின்னழுத்தம் எங்கே சரிகிறதோ அங்கேதான் அது பாயும். உட்புறத்தில் மின்புலம் இருந்தால், நீள்திசைக் கடத்துதிறன் சுழியாக இருக்கும்போதும் குறுக்குத்திசை ஓட்டம் உண்டு. காப்பான் என்ற சொல்லைக் கேட்டதும் இதை மறந்துவிடுகிறோம்.

இதே ஊரிலிருந்து ஓர் உவமை சொல்லலாம். நேரு வீதியில், பெரிய மார்க்கெட்டுக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு ஓரத்து நெரிசல்தான் தெரியும். அதை வைத்து மார்க்கெட்டின் வியாபாரம் முழுவதும் ஓரக் கடைகளில்தான் நடக்கிறது என்று அவர் எழுதினால், உள்ளே மீன் விற்கும் பெண்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள்.

சோதனை கேட்பவர்களுக்குச் சோதனை இருக்கிறது. ஷ்டுட்கார்ட்டில் வைஸும் கிளிட்சிங்கும் குளிர்நிலை வருடு விசை நுண்ணோக்கியால் மின்னழுத்தம் எப்படிச் சரிகிறது என்று அளந்தார்கள். ஒரு படியின் குறைந்த காந்தப்புல முனையில் அது ஓரத்தை ஒட்டிய பட்டைகளில் சரிகிறது. புலம் கூடக் கூட அந்தச் சரிவு உட்புறம் முழுவதும் பரவுகிறது. மின்னோட்டம் இடம் மாறியும் மின்தடை அசையவில்லை. ஓரத்தில் பாய்வதுதான் துல்லியத்துக்குக் காரணம் என்றால், இரண்டாவது முனையில் துல்லியம் எங்கிருந்து வந்தது?

இதற்கும் முன்பே, 1992இல், டோல்கபோலவ் குழு எழுதிய ஒரு கட்டுரை உண்டு. அதன் தலைப்பிலேயே விளிம்பு மின்னோட்டம் இல்லாத குவாண்டம் ஹால் விளைவு என்ற செய்தி இருக்கிறது. அதில் ஆய்ந்த வளைய வடிவக் கோர்பினோ வட்டில் உள் விளிம்பையும் வெளி விளிம்பையும் இணைக்கும் விளிம்பே கிடையாது. ஆனாலும் நடுவே காந்தப்பாயத்தை மாற்றினால், லாஃப்லின் 1981இல் சொன்ன கணக்குப்படி மின்னூட்டம் உட்புறம் வழியே கடக்கிறது. நம் பாடநூல்கள் பல இதைக் கண்டுகொள்வதே இல்லை. முந்தைய கூட்டம் ஒன்றில் நண்பர் ஒருவர் இதை “விதிவிலக்கான வடிவம்” என்று ஒதுக்கினார். விதி எது என்று அன்று அவரிடம் கேட்க நேரமில்லை, இன்று கேட்கிறேன்.

விளிம்பைக் குறைத்துப் பேசவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் அனிந்த்ய தாஸ் குழு கிராஃபீனில் வெப்பக் கடத்தலின் குவாண்டம் அளவை அளந்து 2019இல் வெளியிட்டதே, அங்கே விளிம்பு இல்லாமல் ஒன்றும் நடக்காது. 1997இல் சக்லேயிலும் வைஸ்மன் நிறுவனத்திலும் மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் இரைச்சலில் பிடிபட்டதும் விளிம்புகளை நெருக்கி வைத்ததால்தான். விளிம்புக்கு உரியதை விளிம்புக்குக் கொடுங்கள். முழு எண் மட்டும் உட்புறத்தின் சொத்து. 1982இல் தௌலெஸும் உடன் எழுதிய மூவரும் அதை அலைச்சார்புகளின் வடிவியலிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே பாரி சைமன் அதைப் பெர்ரியின் கட்டத்தோடு இணைத்தார்.

வடிவியல் என்றதும் நம் மண்ணின் ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1956இல், இராமன் ஆய்வு நிறுவனத்தில், 22 வயது எஸ். பஞ்சரத்தினம் ஒரு கேள்வி கேட்டார்: முனைவாக்கம் வேறுபட்ட இரு ஒளிக்கற்றைகள் ஒரே கட்டத்தில் இருப்பதாக எப்போது சொல்லலாம்? சேர்ந்தால் செறிவு உச்சமாகும்போது, என்பது அவர் விடை. அப்படிப் பார்த்தால் முதலாவதும் இரண்டாவதும் ஒத்துப்போகலாம், இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போகலாம். மூன்றாவது முதலாவதோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. மிஞ்சும் கட்டம், புவான்கரே கோளத்தில் அம்மூன்று புள்ளிகளும் அடைக்கும் திண்கோணத்தில் பாதி. இது பெர்ரி கட்டத்தின் முன்னோடி என்று 1986இல் இராமசேஷனும் நித்யானந்தாவும் நினைவூட்டினார்கள்; மறு ஆண்டே பெர்ரி பெருந்தன்மையோடு ஏற்று எழுதினார்.

நான் ஒரு கட்டுரையில் பஞ்சரத்தினத்தை மேற்கோள் காட்டியபோது, மதிப்பீட்டாளர் ஒருவர் “தேசப்பற்று நோக்கிலான அலங்காரம், நீக்கலாம்” என்று எழுதினார். ஒளியியலுக்கும் ஹால் விளைவுக்கும் என்ன தொடர்பு என்பது அவர் கேள்வி. பஞ்சரத்தினம் ஹால் விளைவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முழு எண்ணை, அதாவது செர்ன் எண்ணை, கணிக்க உங்கள் மாணவர்கள் என்ன நிரல் எழுதுகிறார்கள்? பெரும்பாலும் ஃபுகுயி, ஹட்சுகை, சுசுகி 2005இல் தந்த முறை. பிரில்லுவான் மண்டலத்தைச் சிறு சதுரங்களாக்கி, அடுத்தடுத்த மூலைகளின் அலைச்சார்புகளுக்கு உள்பெருக்கம் எடுத்து, சதுரத்தைச் சுற்றிவரும்போது மிஞ்சும் கட்டத்தைக் கூட்டுகிறோம். முக்கோணம் சதுரமாகியிருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை. இதில் அலங்காரம் எங்கே இருக்கிறது என்று அந்த மதிப்பீட்டாளர் சொன்னால் நானே நீக்கிவிடுகிறேன்.

அந்த நிரலுக்குள் விளிம்பே வராது என்பதையும் கவனியுங்கள். எல்லையில்லாத படிகத்தை வைத்துத்தான் முழு எண்ணைப் பெறுகிறோம். எல்லை வரைந்தால் அத்தனை விளிம்பு நிலைகள் தோன்றியே தீரும் என்று ஹட்சுகை 1993இல் காட்டியது, இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

நேரக்காப்பாளர் துண்டுச்சீட்டை நீட்டுகிறார். ஒரே ஒரு வேண்டுகோள். இங்கே அம்புக்குறிப் படம் காட்டுபவர்கள், அது சமநிலை ஓட்டமா, செலுத்திய ஓட்டமா, மின்னழுத்தம் எங்கே சரிகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள். முதல் பேச்சாளரின் சுருக்கத்தில் அப்படி ஒரு படம் இருக்கிறது. அவரையே முதலில் மேடைக்கு அழைக்கிறேன்.