பாகப்பிரிவினையும் கடன் பாரமும்



1895-ஆம் வருஷம் பெரியாற்றுத் தண்ணீர் நம் பள்ளத்தாக்கிற்கு வந்தது. கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை இருபோக நஞ்சை 14,707 ஏக்கர் என்பது ஆயக்கட்டுக் கணக்கு. நிலம் வளருவதில்லை, பங்காளிகள் மாத்திரம் வளருகிறார்கள்.

நான்கு ஏக்கர் வைத்திருக்கும் குடியானவருக்கு மூன்று பிள்ளைகள் என்று கொள்வோம். ஆளுக்கு 1 ஏக்கர் 33 சென்ட். அது ஜீவனத்துக்குப் போதாதென்பது ஒரு கஷ்டம். அதிலும் பெரிய கஷ்டம், பாகத்தை வாய்ச்சொல்லாய் முடித்துக்கொண்டு பட்டாவைக் காலஞ்சென்ற தகப்பனார் பெயரிலேயே விட்டுவைப்பது. பயிர்க்கடனுக்கு வரும்போது சிட்டாவும் அடங்கலும் கேட்கப்படும். பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால், சங்கத்திற்கு மனமிருந்தும் வழியில்லை. அங்கத்தினர் நேரே கந்துவட்டிக்காரனிடம் போகிறார். கந்துவட்டியை 2003-ஆம் வருஷச் சட்டம் தடுத்திருக்கிறது. அவசரக்காரனுக்குச் சட்டம் எங்கே நினைவிருக்கும்!

கிணற்றையும் மோட்டாரையும் கூறுபோட முடியாது. முறைத் தண்ணீர் எந்த நாள் யாருக்கு என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

தகப்பன் கடனைத் தீர்ப்பது மகன் தர்மம் என்று முன்பு கோர்ட்டுகளே இந்துக் குடும்பங்களைக் கட்டுப்படுத்தி வந்தன. 2005-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பின் வாங்கிய கடனுக்கு அந்தத் தர்மத்தை மட்டும் காட்டி வசூலிக்க முடியாது. ஆனால் கைக்கு வந்த சொத்தின் அளவுக்குக் கடனும் கூடவே வரும். முஸ்லிம் அங்கத்தினர்களின் சட்டத்தில் கடனைத் தீர்த்து மிஞ்சியதே பாகத்துக்கு வரும். அந்த வரிசையை எல்லோரும் கைக்கொண்டால் நலமென்பது என் அபிப்பிராயம்.

பெண்மக்கள் விஷயம். நகை போட்டோம், சீர் செய்தோம், அதுவே அவள் பாகம் என்பார்கள். நம் மாகாணத்தில் 1989-இலும் தேசம் முழுவதிலும் 2005-இலும் பிதுரார்ஜிதத்தில் இந்துப் பெண்களுக்குச் சமபங்கு சட்டமாயிற்று. சகோதரியை விட்டு எழுதிய பத்திரம் பின்னால் விற்கவும் அடமானம் வைக்கவும் இடைஞ்சல் தரும். வழக்குக்குச் செலவிடும் பணமும் பெரும்பாலும் கடன் பணமே.

வயோதிகர்களுக்கு ஒரு வார்த்தை. இருப்பதையெல்லாம் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு மருந்துக்குக் கை நீட்டுவோர் உண்டு. 2007-ஆம் வருஷ மூத்த குடிமக்கள் சட்டப்படி, பராமரிக்கவேண்டுமென்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்திருந்தால், பராமரிப்புத் தவறும்போது அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரலாம். நிபந்தனையைப் பத்திரத்தில் தெளிவாய் எழுதச் சொல்லுங்கள். மகன் முகங்கோணுவானென்று கூசவேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு அவரவர் பட்டா நகலைக் கொண்டுவாருங்கள். பெயர் மாற்றவேண்டியவற்றைக் குறித்து, தாலுகா ஆபீஸுக்கு மனுக்கள் எழுதுவோம்.