அவையச்சமும் பின்பாட்டும்

பலர் கூடியிருக்கும் இடத்தில் எழுந்து பேச நேரும்போது நா வறண்டு, உள்ளங்கை வியர்த்து, நன்கு அறிந்த செய்தியும் நினைவிலிருந்து நழுவிப்போகும் நிலையை அவையச்சம் என்பர். ஆபத்தை உணர்ந்த உடல், ஓடவோ எதிர்த்து நிற்கவோ ஆயத்தமாகும் பொருட்டு அட்ரினலின் என்னும் சுரப்பைக் குருதியில் கலப்பதால் விளைவது இது. ஆகவே இதனைக் கோழைத்தனம் என்று இகழ்வதும், ‘பயப்படாதே’ என்ற ஒரு சொல்லால் நீக்கிவிடலாம் என்று நம்புவதும் பொருந்தா. திருக்குறளின் பொருட்பாலில் அவையறிதல் 72ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமை 73ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து நிற்பது இங்குக் கருதத்தக்கது. கேட்போர் யாவர், எதைக் கேட்க வந்தவர் என்று தெரிந்துகொண்ட பிறகே அஞ்சாமையைப் பற்றிய பேச்சு அங்கு எழுகிறது.

இவ்வச்சத்தைக் கையாளும் முறை கள்ளக்குறிச்சி உள்ளிட்ட வடதமிழகத்தில் ஏட்டுப் பாடமாக அன்றி, திரௌபதி அம்மன் திருவிழாக்களின் வழியே தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டு வந்துள்ளது. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூராரின் ஊராகச் சொல்லப்படும் சனியூர், தென்னார்க்காட்டுப் பகுதியில் அமைந்த பழைய திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்தது. 4,300-க்கும் மேற்பட்ட அவருடைய பாடல்களே இத்திருவிழாக்களில் பகற்பொழுதில் நிகழும் பாரதப் பிரசங்கத்துக்கு மூலமாக அமைகின்றன. ஒருவர் பாடலை இசையோடு பாட, பிரசங்கியார் அதன் பொருளைக் கதையாக விரித்துரைப்பது இக்கலையின் இயல்பு. பாட்டு ஒலிக்கும் சிறுபொழுதில் பிரசங்கியார் மூச்சைச் சீர்செய்துகொள்ளவும், அடுத்துச் சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொள்ளவும், கூட்டத்தின் முகக்குறிப்பைப் பார்த்துக்கொள்ளவும் இடம் கிடைக்கிறது. பல நாள் தொடர்ந்து, மணிக்கணக்கில் பேசியும் தடுமாறாதிருப்பதற்கு அவருடைய நினைவாற்றலைப் போலவே இந்த இடைவெளியும் காரணமாகும்.

இரவில் நிகழும் தெருக்கூத்தில் இவ்வமைப்பு இன்னும் நுட்பமானது. முதன்மை வேடதாரி அரங்கில் நேரே வந்து நிற்பதில்லை; இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று, தன் பாத்திரத்தை அறிமுகம் செய்யும் பாட்டைத் தொடங்குகிறார். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கை கட்டிய பாதங்களும் மட்டும் தெரிய, முகம் மறைந்திருக்கும் அந்நேரத்தில் குரல் பதப்பட்டு, கால் தாளத்தில் ஊன்றிவிடுகிறது. திரை விலகியதும் கட்டியக்காரன், அதாவது கதையை நடத்திச் செல்லவும் நகைச்சுவை செய்யவும் உரிமை பெற்ற துணைப் பாத்திரம், ‘வந்திருப்பது யார்?’ என்ற பொருள்பட வினவ, வேடதாரி அதற்கு விடையாகவே பேசத் தொடங்குகிறார். வெறும் கூட்டத்தை நோக்கிப் பேசுவதினும் கேள்வி கேட்டவருக்கு விடை சொல்வது எளிது. அவர் பாடும் அடியை மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம் ஆகியவற்றோடு அமர்ந்திருப்போர் வாங்கித் திரும்பப் பாடுவது பின்பாட்டு எனப்படும். குரல் சற்றுத் தளர்ந்தாலும் பாட்டு அறுந்துபோகாமல் அது தாங்கிக்கொள்கிறது. கூத்துப் பயில வரும் சிறுவர்கள் முதலில் பின்பாட்டிலும் சிறு வேடங்களிலும் பழகிய பின்னரே பெரிய வேடம் ஏற்கின்றனர். அச்சந்தரும் சூழலைச் சிறிது சிறிதாகச் சந்தித்துப் பழகுவதே அச்சம் தணியும் வழி என்று இன்றைய உளவியல் கூறுவதும் இதனையே.

இதனோடு ஒப்பிட்டால் பள்ளிப் பேச்சுப் போட்டிகளின் குறை நன்கு விளங்கும். பிறர் எழுதிக் கொடுத்த உரையை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து, எவருடைய துணையும் இன்றி ஒலிபெருக்கி முன் நிற்கும் குழந்தை, ஒரு வரி மறந்தால் முழு உரையையும் இழந்துவிடுகிறது. அக்குழந்தைக்குப் பேசும் பொருளைக் கற்பித்து, இரண்டொரு குறிப்பை மட்டும் கையில் கொடுத்து, தோழர் ஒருவரைக் கேள்வி கேட்கச் செய்து பழக்கினால் அச்சத்தின் பெரும்பகுதி அங்கேயே கரையும். பரிசுக் கோப்பையை முன்னிறுத்தும் இன்றைய முறை இதற்கு இடம் தருவதில்லை என்பது வருந்தத்தக்கது.

கள்ளக்குறிச்சிப் பகுதியிலுள்ள கல்வராயன் மலையில், அவையில் அஞ்சாது பேசும் இக்கலைக்கு வேறொரு தேவையும் உண்டு. 1976-இல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை ஜாகிர்தார்கள் என்னும் நிலமானியதாரர்களின் ஆளுகையில் இருந்த இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தாங்கள் உழுதுவரும் நிலத்தின் மீது உரிமை கோர வழிசெய்தது. அக்கோரிக்கையை முதலில் பரிசீலிக்கும் பொறுப்பு கிராம சபைக்கு, அதாவது ஊரிலுள்ள வயதுவந்தோர் அனைவரும் உறுப்பினராகும் பேரவைக்கு, அளிக்கப்பட்டுள்ளது. உரிமை கோருபவர் அல்லாத மூத்தோர் ஒருவர் சொல்லும் வாய்மொழி, எழுத்தில் பதியப்பட்டால், சான்றுகளுள் ஒன்றாகும் என்பது 2008ஆம் ஆண்டு விதிகளில் இடம்பெற்றுள்ளது. எனவே அங்கு ஒரு முதியவர் நாத்தழுதழுத்துப் பேசாமல் அமர்ந்துவிட்டால், ஒரு குடும்பம் தன் நிலத்துக்குரிய சான்றுகளுள் ஒன்றை இழக்கவும் கூடும்.

அவரிடம் மேடைத் தமிழை எதிர்பார்ப்பது தவறு. எந்த ஓடை எல்லை, எந்தக் கடுக்காய் மரத்தடியில் யார் காடு திருத்தினார், சாமை விதைத்தது யார் காலத்திலிருந்து என்று அவர் உறுதியாக அறிந்ததிலிருந்து தொடங்கச் செய்தால், நடுங்கும் குரலும் இரண்டாம் வாக்கியத்திலேயே நிலைபெறும். இத்தகைய கூட்டத்துக்கு வந்திருப்போருள் மூன்றில் ஒரு பங்கினரேனும் பெண்களாக இருத்தல் வேண்டும் என்று 2012-இல் திருத்தப்பட்ட விதிகள் கூறினாலும், வந்து அமர்ந்திருப்பது வேறு, வாய் திறந்து பேசுவது வேறு. ஆகையால் கூட்டத்தை நடத்துவோர் ‘யாராவது பேசுகிறீர்களா?’ என்று பொதுவாகக் கேட்டுவிட்டு நகராமல், கட்டியக்காரனைப் போல ஒவ்வொருவரையும் முறைசொல்லி அழைத்து, அவர் விடை அறிந்த கேள்வி ஒன்றை முதலில் கேட்டு, சொன்னதைத் திரும்பச் சொல்லிப் பதிவேட்டில் எழுதச் செய்தல் வேண்டும்.