களவடியும் கருணைத் தொகையும்

(கும்பகோணத்தில் இளைஞர்களின் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தீபாவளி நெருங்கினால் வேலை பார்க்கும் இடங்களில் இரண்டு பேச்சுதான். போனஸ் எவ்வளவு? யாருக்கு எவ்வளவு? முதல் கேள்வியில் எல்லோரும் ஒன்றாக நிற்கிறோம். இரண்டாவதில் பிரிந்துவிடுகிறோம். "நன்றாக வேலை செய்பவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன தப்பு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தப்பில்லை. ஆனால் 'நன்றாக' என்பதை அளப்பவர் யார்? அந்த அளவை நாம் கேள்வி கேட்க முடியுமா?

நம் டெல்டாவுக்கு இது பழைய கேள்வி. பண்ணையாளுக்குத் தினக்கூலி தனி. அறுவடையின்போது களத்தில் அதற்கு மேல் அளந்து போட்ட நெல்லுக்குக் களவடி என்று பெயர். வருடம் முழுக்க உழைத்ததற்கான பாக்கி அது. ஆனால் மரக்கால் மிராசுதாரிடம் இருந்ததால், பாக்கியை வாங்கவும் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. 1952இல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கூலியைச் சட்டத்தில் எழுதி வைத்தது. எழுதியது வயலுக்கு வந்து சேர மேலும் போராட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கேட்டது கூடுதல் கூலி நெல். இறக்க மறுத்தது சங்கக் கொடி. கீழத்தஞ்சைக்கான நியாயக் கூலிச் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது.

ஆலைத் தொழிலாளர்களும் இதே வழியில்தான் வந்தார்கள். போனஸ் முதலாளியின் அன்பளிப்பு அல்ல, தர வேண்டிய ஊதியத்தின் ஒரு பகுதி என்று வாதாடித்தான் 1965இல் போனஸ் சட்டத்தைப் பெற்றார்கள். அப்போது குறைந்தபட்சம் 4 சதவீதம். 1972இல் அது 8.33 ஆனது. பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1975இல், அதை மீண்டும் 4 ஆக வெட்டினார்கள். 1977இல் ஆட்சி மாறிய பிறகே 8.33 திரும்பி வந்தது. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த எண் இருக்கிறது.

இப்போது தமிழ்நாடு அரசின் போனஸ் அறிவிப்பைப் பாருங்கள். நம் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகம் உட்பட, அரசின் பொதுத்துறை நிறுவனங்களில் சி, டி பிரிவுப் பணியாளர்களுக்கு 2022இல் 10 சதவீதம், 2023இல் 20 சதவீதம். இரண்டு ஆண்டுகளிலும் போனஸ் 8.33தான். மீதிக்குப் பெயர் 'கருணைத் தொகை'. அது 1.67ஆக இருந்து 11.67 ஆனது. உரிமை அசையவில்லை, கருணைதான் ஏறி இறங்கியது. ஏறியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஏற்றிய கை இறக்கவும் முடியும்.

திறமைக்கேற்ற ஊக்கத்தொகை என்று இன்று தனியார் நிறுவனங்கள் தருவதில் பெரும்பகுதி இந்தக் கருணைத் தொகைதான். மதிப்பெண் போடுபவர் மேலாளர். அவர் எதைப் பார்த்துப் போட்டார் என்று தெரியாது. பக்கத்து இருக்கைக்காரர் எவ்வளவு வாங்கினார் என்று கேட்கக் கூடாது. இப்படிப்பட்ட இடத்தில் கிடைத்தவருக்கும் நிம்மதி இல்லை, கிடைக்காதவருக்கும் விளக்கம் இல்லை. சக தொழிலாளி போட்டியாளராகிறார். வேலையைக் கற்றுக்கொடுக்கும் பழக்கம் முதலில் செத்துப்போகிறது.

சாதிச் சமூகத்தில் இன்னொன்றும் நடக்கிறது. பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும் என்பதால், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களை அங்கே விடவில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் எழுப்பினார். தறிக்குப் பக்கத்திலேயே போக முடியாதவரின் நெசவுத் திறமையை எப்படி அளப்பது? வாடிக்கையாளரைச் சந்திக்கும் வேலை யாருக்கு, கிடங்கு வேலை யாருக்கு என்று பிரிக்கும்போதே ஊக்கத்தொகையும் பாதி பிரிக்கப்பட்டுவிடுகிறது. பிறகு வரும் மதிப்பெண், அந்தப் பிரிவினைக்குத் 'திறமை' என்று பெயர் சூட்டுகிறது.

எனவே மூன்று வேலைகள். ஊக்கத்தொகையின் விதியை எழுத்தில் கேளுங்கள், முன்கூட்டியே கேளுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதை உங்களுக்குள் மறைக்காதீர்கள். அந்த ரகசியம் நிர்வாகத்துக்குத்தான் லாபம். மூன்றாவது, உங்கள் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தப் பணியாளருக்குப் போனஸ் வந்ததா என்று விசாரியுங்கள். 20 பேரை வேலைக்கு வைத்திருந்தால் ஒப்பந்ததாரரும் சட்டப்படி முதலாளிதான். சட்டம் வரையறுக்கும் சம்பள வரம்புக்குள் இருந்து, அந்த ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தால் அவருக்கும் அந்த 8.33 உண்டு. கழிப்பறையைச் சுத்தம் செய்பவருக்குப் பழைய சேலையும் ஒரு ஸ்வீட் பாக்ஸும் கொடுத்து அனுப்பும் அலுவலகத்தில், உங்கள் போனஸும் நாளை அப்படித்தான் கொடுக்கப்படும்.