குழந்தையின் இடுப்பு நோவு



இசையும் நாடகமும் காத்திருக்கும் இம்மேடையில் ஒரு நோயைப் பற்றிப் பேச வந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறோம். ஆறு வயதுச் சிறுவன் காலை இழுத்து நடந்தால், விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று சொல்லிக்கொள்கிறோம். அவன் முழங்காலைத் தொட்டுக் காட்டுகிறான்; அங்கே தைலம் தேய்க்கிறோம். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தால் குற்றம் ஒன்றும் தெரிவதில்லை. பள்ளிக்குச் செல்ல மனமின்றி நடிக்கிறான் என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம்!

உண்மை வேறு. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் பொதுவான நரம்புகள் உண்டு. ஆதலின் இடுப்பில் பிறக்கும் நோவு தொடையிலும் முழங்காலிலும் உணரப்படுகிறது. சில வாரங்களாக நொண்டும் குழந்தைக்கு முழங்காலோடு இடுப்பையும் பார்க்குமாறு டாக்டரிடம் கேட்பது பெற்றோரின் உரிமை.

இவ்வாறு வரும் நோய்களுள் ஒன்று பெர்த்தெஸ் நோய். 1910ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லெக், பிரான்சில் கால்வே, ஜெர்மனியில் பெர்த்தெஸ் ஆகிய மூவரும் தனித்தனியே இதனை விவரித்தனர். அதற்கு முன் இது மூட்டுக் காசநோயோடு சேர்த்தே எண்ணப்பட்டு வந்தது. தொடையெலும்பின் பந்து போன்ற தலைக்கு இரத்த ஓட்டம் குன்றி, அவ்வெலும்பு மடிகிறது. பின்னர் உடலே அதனைக் கரைத்துப் புது எலும்பை ஆக்கிக்கொள்கிறது. இதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை செல்லும். பெரும்பாலும் 4 முதல் 8 வயதுக்குள் தொடங்கும். சிறுமியரைவிடச் சிறுவரிடம் நான்கைந்து மடங்கு மிகுதி. நம் நாட்டில் மேற்குக் கரையோரம், உடுப்பி வட்டாரத்தில், இது கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தாய் ஊட்டிய உணவால் வந்தது என்றோ, பிள்ளை குதித்ததால் வந்தது என்றோ யாரும் யாரையும் நோக வேண்டுவதில்லை.

எலும்பு தன் வேகத்தில்தான் வளரும். நாம் அதனை விரட்ட இயலாது. ஆனால் அந்த ஆண்டுகளைக் குழந்தை அழுதுகொண்டே கழிக்க வேண்டும் என்ற விதி இல்லை. நோவு மிகும் நாட்களில் ஓய்வும், டாக்டர் கூறினால் ஊன்றுகோலும் வேண்டும். ஓட்டமும் குதித்தலும் தவிர்க்கப்படும். நீரில் உடலின் பாரம் மூட்டின்மேல் அழுந்தாதாகையால் நீச்சல் பெரும்பாலும் அனுமதிக்கப்படும். முன்னாளில் இக்குழந்தைகளை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கிலும்கூட, படுக்கையில் கிடத்தி வைத்தார்கள். அக்கொடுமை ஒழிந்தது நல்லதே.

மருந்தில் எச்சரிக்கை தேவை. பாரசிட்டமாலோ, உணவுக்குப் பின் ஐபுபுரூஃபனோ, குழந்தையின் எடைக்கு ஏற்ப டாக்டர் குறித்த அளவிலேயே தரப்பட வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துப் பாதியாகக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு, அது ஆகாது. ஆஸ்பிரின், குறிப்பாகச் சளிக்காய்ச்சலின்போது, மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய நோயைக் குழந்தைகளிடம் உண்டாக்கக்கூடும். நிமிசுலைடு மருந்தை 12 வயதுக்குட்பட்டோருக்குத் தருவதை இந்திய அரசு 2011இல் தடை செய்தது. இன்னொன்று: மருந்தால் நோவு அடங்கியது என்று அன்று மாலையே பிள்ளையை ஓடவிடலாகாது.

இந்நோயில் தொடையின் உட்புறத் தசைகள் இறுகிக் கால்களை நெருக்குகின்றன. இளஞ்சூட்டு ஒத்தடம் இறுக்கத்தைச் சற்றே தளர்த்தும். இரவில் கால்களுக்கிடையே தலையணை வைத்தால் பல குழந்தைகள் நன்கு உறங்குவர். கால்களை அகற்றும் பயிற்சியைப் பிசியோதெரபி நிபுணரிடம் கற்று நாள்தோறும் செய்வித்தல் வேண்டும். மூட்டை இழுத்து முறுக்கும் கைவைத்தியத்துக்கு மட்டும் இடந்தரலாகாது. சிலருக்கு மாவுக்கட்டோ அறுவையோ தேவைப்படும். எலும்பின் தலை உருண்டையாகவே ஆறுவதற்காகச் செய்யப்படுவன அவை.

காய்ச்சலோடு குழந்தை காலை ஊன்றவே மறுத்தால், அது மூட்டில் சீழ் வைத்ததாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருத்தல் தகாது.

நோவினும் பெரிய துன்பம் ஒன்று உண்டு. தோழர்கள் பந்தாடுவதைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் மனம் அது. சொந்த ஊரில் பாட்டியும் அத்தையும் மாமனும் சூழ்ந்திருந்து கதை சொல்வார்கள். இங்கே தந்தையும் தாயும் வேலைக்குச் செல்ல, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் பிள்ளை தனியே இருக்கிறான். மாலையில் ஒரு மணி நேரம் அவனோடு கேரமும் சதுரங்கமும் ஆட நம் இளைஞர் இருவர் முறை வைத்துக்கொள்ளலாகாதா? பள்ளித் தலைமையாசிரியரிடம் சென்று, வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தருமாறு பெற்றோருடன் நாமும் கேட்கலாம்.

பிள்ளைகள் வளர்ந்தபின் சிறிய ஊன்றுகோல்கள் பரணில் தூசி படிந்து கிடக்கும். அவ்வாறு வைத்திருப்போர் சங்க அலுவலகத்தில் ஒப்படைத்தால், அடுத்துத் தேவைப்படும் குழந்தைக்கு அன்றே கிடைக்கும்.