நாகப்பட்டினத்தில் இறங்கிய இரண்டு நண்பர்கள்

(தஞ்சாவூரில் தமிழ், சமூக அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சுற்றுலா பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் எந்த ஊருக்குப் போகலாம், எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். அதற்கு உங்களிடம் சுற்றறிக்கை இருக்கிறது. நான் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு நண்பர்கள் ஆசியாவின் பாதி ஊர்களைச் சேர்ந்தே சுற்றிய பயணம் அது. வழியில் அவர்கள் இறங்கிய ஊர்களில் ஒன்று நம்முடைய நாகப்பட்டினம்.

யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார் என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். இட்சிங் பெயரையும் கேள்விப்பட்டிருக்கும். இந்த இட்சிங் 671இல் கேன்டன் துறைமுகத்தில் கப்பலேறி, சுமத்ரா வழியாக வங்கத்துத் தாமிரலிப்தியில் இறங்கி, நாளந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டு படித்தவர். திரும்பும் வழியில் சுமத்ராவிலிருந்த ஸ்ரீவிஜயத்தில் தங்கி ஒரு நூல் எழுதினார். தம் காலத்தில் இந்தியாவுக்குப் படிக்க வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவிகளின் வாழ்க்கைக் குறிப்புகள் அதில் இருக்கின்றன. சீனர் மட்டுமல்ல, கொரியாவிலிருந்தும் வியட்நாம் பக்கமிருந்தும் வந்தவர்கள் உண்டு. பலர் ஊர் திரும்பவில்லை. அவர்களில் ஒருவர், மலாயு அருகே கப்பல் மூழ்கும்போது சிறு படகில் தமக்குக் கொடுத்த இடத்தை வேறொருவருக்கு விட்டுவிட்டுக் கடலோடு போனார். அவருடைய சீடரும் ஆசிரியரை விட்டு நகரவில்லை.

அந்த நூலில்தான் நம் நண்பர்கள் வருகிறார்கள். ஒருவர் வூசிங், யாங்சி ஆற்றங்கரையில் ஜியாங்லிங் ஊர்க்காரர். இங்கே வந்தபின் பிரஞ்ஞாதேவர் என்று பெயர் வைத்துக்கொண்டார். இன்னொருவர் ஜிஹோங், லோயாங் நகரத்தவர். தாங் பேரரசின் தூதராக இந்தியாவுக்குப் பலமுறை வந்துபோன வாங் சுவான்ட்சே இவருடைய சிற்றப்பனோ பெரியப்பனோ. ஆக அந்த வீட்டில் இந்தியா புதிய பெயரில்லை.

இருவரும் தென்சீனத்து ஹெப்பு துறைமுகத்தில் கப்பலேறினார்கள். காற்று ஒத்துவரவில்லை. எங்கோ ஒதுக்கிவிட்டது. பிறகு இன்றைய ஹனோய் பகுதிக்குப் போய் ஒரு கோடைகாலம் முழுக்கக் காத்திருந்தார்கள். குளிர்காலக் கடைசியில் மறுபடி கப்பல். ஒரு மாதத்தில் ஸ்ரீவிஜயம். அது இன்றைய பாலம்பாங். அந்நாட்டு அரசன் பொற்பூவும் பொன்மணிகளும் தூவி வரவேற்றதாக இட்சிங் எழுதுகிறார். அரசனுடைய கப்பலிலேயே பதினைந்து நாளில் மலாயு, இன்னொரு பதினைந்து நாளில் கடாரம். ராஜேந்திர சோழன் பெயரோடு நாம் சேர்த்துச் சொல்கிற அதே கடாரம்தான். அங்கே மறுபடி குளிர்காலக் கடைசிவரை இருந்துவிட்டு, மேற்கே பாய் விரித்து முப்பது நாள். வந்து சேர்ந்த இடம் நாகபத்தன. ஐந்து சீன எழுத்துகளில் அந்தப் பெயர் இருக்கிறது. அங்கிருந்து கடலில் இரண்டு நாள், இலங்கை. புத்தரின் பல்லை வணங்கிவிட்டு, வடகிழக்கே ஒரு மாதம் கப்பலில் போய், இன்றைய வங்கதேசத்தின் கிழக்கே இருந்த ஹரிகேலம். அங்கே ஓராண்டு. அப்புறம் நாளந்தா. இத்தனை தூரமும் ஜிஹோங்கை விட்டு வூசிங் பிரியவே இல்லை என்று இட்சிங் குறித்துவைக்கிறார்.

இதை நான் ஒரு வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கரும்பலகையில் ஊர்களை எழுதி, பக்கத்தில் நாட்களை எழுதி, கூட்டச் சொன்னேன். ஸ்ரீவிஜயத்துக்கு முப்பது, பதினைந்து, பதினைந்து, முப்பது, இரண்டு, மறுபடி முப்பது. நூற்று இருபத்திரண்டு நாள் வருகிறது. நான்கு மாதம். ஆனால் பயணம் பல ஆண்டு நடந்திருக்கிறது. மிச்ச நாளெல்லாம் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். வகுப்பு யோசித்தது. கடைசி பெஞ்சில் ஒரு பையன். மீனவர் குடியிருப்பிலிருந்து வருகிறவன். வரலாற்றுப் பாடத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "காத்துக்கு நின்னிருப்பாங்க சார்" என்றான். அதோடு நிற்கவில்லை. வாடைக் கொண்டலில் பாய் விட்டால் மேற்கே ஓடலாம், வாடையிலேயே தெற்கே இலங்கைக்கும் போகலாம், ஆனால் அங்கிருந்து வடகிழக்கே போக வேண்டுமானால் சோழகம் கிளம்ப வேண்டும் என்றான். "அப்ப சிலோன்ல ரெண்டு மூணு மாசமாவது இருந்திருப்பாங்க சார்."

இலங்கையில் எத்தனை நாள் இருந்தார்கள் என்று அந்தக் குறிப்பில் இல்லை. பையன் காற்றை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டான். ஓர் ஆராய்ச்சி மாணவர் செய்கிற அனுமானம் இது. பருவக்காற்று என்று புவியியலில் நாம் அம்புக்குறி போட்டு நடத்துகிற பாடம் அவன் அப்பாவுக்குத் தொழில். வயல் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. குளிர்காலக் கடைசியில் கடாரத்தை விட்டு முப்பது நாள் என்றால், நண்பர்கள் நாகையில் இறங்கியது நம் கணக்கில் தை கடைசியோ மாசியோ. சம்பா அறுத்துக் களத்துக்கு வருகிற காலம் என்று திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளை சொல்லும். அன்றைக்கும் இதே பட்டம்தானா என்று கேட்டு விவாதிக்க விடலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாகப்பட்டினத்தைப் பற்றி இட்சிங் பெயரைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், யாரோடு பேசினார்கள், ஒன்றுமில்லை. நமக்கு உடனே கை துறுதுறுக்கும். சூடாமணி விகாரத்தில் தங்கினார்கள் என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. ஸ்ரீவிஜய அரசன் சூளாமணிவர்மன் பெயரால் எழுந்த அந்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தது 1006 வாக்கில். நம் நண்பர்கள் அதற்கு முந்நூறு ஆண்டு முந்தியவர்கள். அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனைமங்கலம் என்ற ஊர் கீழ்வேளூர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தன் ஊர்ப் பெயர் ஐரோப்பிய நூலகத்தின் பட்டியலில் இருப்பது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் அவர்கள் வந்த காலத்து நாகை எப்படி இருந்திருக்கும்? அதற்குத் தமிழாசிரியர்கள் வர வேண்டும். அப்பரும் சம்பந்தரும் நாகைக்காரோணத்தைப் பாடியது அதே ஏழாம் நூற்றாண்டில். அவர்களும் சேர்ந்து ஊர் ஊராக நடந்த இரண்டு பேர்தான். ஒருவர் முதியவர், கையில் உழவாரம். இன்னொருவர் சிறுபிள்ளை. வீழிமிழலையும் மறைக்காடும் அவர்கள் சேர்ந்து போன ஊர்களாகப் பெரியபுராணம் சொல்கிறது. சமணத்தையும் பௌத்தத்தையும் அவர்கள் எதிர்த்துப் பாடிய அதே நூற்றாண்டில், அதே கடற்கரையில், இரண்டு பௌத்தத் துறவிகள் இறங்கி ஏறியிருக்கிறார்கள். இந்த இரண்டு இணைகளையும் ஒரே வகுப்பில் வைத்துப் பேசினால் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல நாமும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கும். தவறில்லை.

பிந்தைய கதையும் சுவையானது. சீன எழுத்தில் 1267ஆம் ஆண்டைக் குறித்த ஒரு செங்கல் கோபுரத்தைப் பற்றி வாங் தாயுவான் என்ற பயணி 1349இல் எழுதியிருக்கிறார். அது நாகப்பட்டினத்துக் கோபுரமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். நாகையில் ஐரோப்பியர்கள் சீனக் கோபுரம் என்று அழைத்த, பாழடைந்த கட்டடம் ஒன்று 19ஆம் நூற்றாண்டிலும் நின்றது. 1846இல் வால்டர் எலியட் அதைப் பார்த்துப் பதிவு செய்தார். 1867இல் இடித்துவிட்டார்கள். 1856 தொடங்கி அந்தப் பகுதியில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் முந்நூற்றுக்கும் மேல். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பலவற்றைப் பார்க்கலாம். டி. என். ராமச்சந்திரன் அவற்றைப் பற்றி 1954இல் தனி நூலே வெளியிட்டார். பிள்ளைகளைச் சென்னைக்கு அழைத்துப்போனால் வண்டலூரோடு எழும்பூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரிலிருந்து போன பொருளைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லிக் காட்டுங்கள்.

நண்பர்கள் கதைக்கு வருகிறேன். நாளந்தாவில் வூசிங் படித்தார். பக்கத்து விகாரத்துக்குப் போய்த் திக்நாகர், தருமகீர்த்தி ஆகியோரின் தருக்க நூல்களையும் கற்றார். திக்நாகர் காஞ்சிப் பக்கத்தவர் என்பது திபெத்திய மரபு. சீனத்திலிருந்து கடல் தாண்டி வந்தவர் கடைசியில் தமிழ்நாட்டார் ஒருவரின் தருக்கத்தைப் படித்திருக்கிறார் போலும். இட்சிங்கும் வூசிங்கும் ஒருநாள் ராஜகிருகத்துக் கழுகுமலையில் ஏறினார்கள். வழிபாடு முடிந்ததும் உச்சியிலிருந்து தம் நாடு இருக்கும் திசையைப் பார்த்துத் துயரப்பட்டார்கள். இட்சிங் அங்கே ஒரு கவிதை எழுதினார். துறவிகள்தான், ஆனாலும் வீட்டு ஞாபகம் வந்திருக்கிறது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் அப்பா இருக்கிற பிள்ளைகள் நம் வகுப்பில் எத்தனை பேர்! இந்த இடத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

685இல் இட்சிங் ஊருக்குக் கிளம்பியபோது வூசிங்குக்கு வயது ஐம்பத்தாறு. ஆறு யோசனை தூரம் கூடவே வந்து வழியனுப்பினார். மறுபடி பார்ப்போமா என்று தெரியாமல் இருவரும் அழுதார்கள். ஜிஹோங் எட்டாண்டு நடு இந்தியாவில் இருந்துவிட்டு, வேறொரு துறவியோடு காஷ்மீரம் வழியாக ஊர் திரும்பப் புறப்பட்டார். கள்வர் பயத்தால் வழி அடைபட்டு வட இந்தியாவுக்கே திரும்பியதாகக் கேள்வி என்று எழுதுவதோடு இட்சிங்கின் குறிப்பு நின்றுவிடுகிறது. வூசிங்கும் பிறகு வடவழியில் கிளம்பினார். வட இந்தியாவிலேயே இறந்துபோனார். அவர் சேர்த்து வைத்திருந்த சமஸ்கிருதச் சுவடிகள் மட்டும் அரச ஆணையின்படி சீனத் தலைநகருக்கு எடுத்துச் செல்லப்பட்டன. அந்த மூட்டையிலிருந்த மகாவைரோசன சூத்திரத்தைத்தான் சுபகரசிம்மர் என்ற இந்தியத் துறவி 724-25இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். அது அங்கிருந்து ஜப்பானுக்குப் போய், ஷிங்கோன் பிரிவுக்கு மூல நூலாக இன்றும் இருக்கிறது.

இப்போது செலவு விஷயம். சுற்றுலாப் பேருந்து அதிகாலையில் கிளம்பிப் போன நாளன்று பள்ளிக்கு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பணம் கட்ட முடியாதவர்கள், ராத்திரி தங்க வேண்டும் என்பதால் வீட்டில் விடாத பெண் பிள்ளைகள். அன்று அவர்களுக்குப் பாடமும் நடக்காது. திரும்பி வந்தவர்கள் ஒரு வாரம் பேசுகிற பேச்சில் அவர்களுக்கு இடமும் இருக்காது. வகுப்பை இரண்டாகப் பிரிக்கிற வேலையை நாமே செய்துவிட்டு அதற்குக் கல்விச் சுற்றுலா என்று பெயர் வைக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் ரயிலில் இரண்டு மணி நேரச் சொச்சம். காலையில் போய் இருட்டுவதற்குள் வீட்டில் விட்டுவிடலாம். பெண் பிள்ளைகளின் பெற்றோர் இதற்கு ஒப்புக்கொள்கிறார்கள், கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். காரோணர் கோயில், துறைமுகம், கலங்கரை விளக்கம், நாகூர் தர்கா, நேரமிருந்தால் புத்தமங்கலம். அங்கே புத்தர் சிலைக்கு இன்றும் ஊரார் வழிபாடு செய்கிறார்கள். துறைமுகத்தில் இலங்கைக்கு ஓடும் பயணிகள் கப்பலைப் பற்றிச் சொல்லுங்கள். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். வூசிங்குக்கு இரண்டு நாள் ஆயிற்று.

போவதற்கு முன்னால் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேருங்கள். சேர்க்கும்போது ஒரே தெருப் பிள்ளைகளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் வூசிங், ஒருவர் ஜிஹோங். இருவருக்கும் சேர்த்து ஒரே நோட்டு. இடப்பக்கத்தில் பார்த்தது மட்டும், வலப்பக்கத்தில் ஊகித்தது மட்டும். நண்பர் எழுதியதைத் திருத்தக் கூடாது, வேண்டுமானால் கீழே மறுத்து எழுதலாம். ஒரு நோட்டில், பார்த்தது என்ற பக்கத்தில் ஒரு பெண் "கடல்" என்று மட்டும் எழுதியிருந்தாள். ஊகம் என்ற பக்கத்தில் இரண்டு பக்கம் எழுதித் தள்ளியிருந்தாள். அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். வயது பதிமூன்று. வீடு கடலிலிருந்து முப்பது கிலோமீட்டர்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.